பொலபொலவென உதிர்வது: ஒரு ஜப்பானிய அனிமேஷன் படமும் ஏற்காட்டுக் காபித் தோட்டமும் – நிகழ்வு ஆய்வு

இசாவோ தகாஹாதா இயக்கத்தில் ஸ்டுடியோ ஜிப்லி தயாரித்து, 1991 ஜூலை 20 அன்று ஜப்பானில் வெளியான படம் 'ஒமொய்தெ பொரோ பொரோ'. வெளிநாடுகளில் 'ஒன்லி யெஸ்டர்டே' என்று அறியப்படுகிறது. ஒமொய்தெ என்றால் நினைவுகள். பொரோ பொரோ என்பது கண்ணீரோ பருக்கையோ துளித்துளியாக உதிர்வதைக் காட்டும் இரட்டைச் சொல். தமிழில் இதற்கு அகராதி பார்க்க வேண்டியதில்லை. 'பொலபொலவென்று கண்ணீர் உதிர்த்தாள்' என்று நாமும் ஏறக்குறைய அதே ஓசையில்தான் சொல்கிறோம்.

கதை நடப்பது 1982-ல். டோக்கியோவில் அலுவலக வேலையில் இருக்கும் தாயேகோவுக்கு 27 வயது, கல்யாணம் ஆகவில்லை. லீவு போட்டுவிட்டு இரவு ரயிலேறி, அக்கா வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள் இருக்கும் யாமகாதா மாகாணத்துக் கிராமத்துக்குச் சிவப்புச் சாயம் எடுக்கும் குசும்பாப் பூ பறிக்கப் போகிறாள். 1966-ல் ஐந்தாம் வகுப்பில் இருந்த பத்து வயதுத் தாயேகோவும் கூடவே வந்துவிடுகிறாள். 118 நிமிடத்தில் வேறு பெரிதாக எதுவும் நடப்பதில்லை. ஆனாலும் அந்த ஆண்டு ஜப்பானில் அதிகம் வசூலித்த உள்நாட்டுப் படம் இதுதான்.

ஹொதாரு ஒகாமோதோ எழுதி யூகோ தோனே வரைந்த மூலச் சித்திரக்கதையில் பத்து வயதுச் சிறுமி மட்டும்தான் உண்டு. ரயில், கிராமம், பூப்பறிப்பு, 27 வயது எல்லாம் தகாஹாதா சேர்த்தவை. சிறுவயதுச் சம்பவங்களை மட்டும் வரிசையாக வைத்தால் அது துணுக்குத் தோரணம். இவளுக்கு இது ஏன் இப்போது ஞாபகம் வர வேண்டும் என்று கேட்டால் பதில் இருக்காது. பதில் பெரியவளிடம்தான் இருக்கிறது. நம் ஊரில் சிறுவயது நினைவு என்று எடுக்கப்படும் குறும்படங்களில் பெரும்பாலானவை கோலி, பம்பரம், தேன்மிட்டாயோடு நின்றுவிடுவதற்குக் காரணம் அந்தப் பெரியவளை எழுதாததுதான்.

இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளும் நிகழ்வு ஒரு திட்டம். இரண்டு பேர் சேர்ந்து வரையக்கூடிய ஆறு நிமிட அனிமேஷன். 2024 டிசம்பரில் பெங்களூரிலிருந்து ஏற்காட்டுக்குக் காபிப்பழம் பறிக்கும் நாட்களில் வருகிற 27 வயதுப் பெண், 2007-ல் சேலம் அம்மாபேட்டையில் பத்து வயதாக இருந்த அதே பெண். தகாஹாதாவின் படம் என்ன செய்தது, அதில் எது இங்கே செல்லும், எது செல்லாது என்பதை ஒவ்வொரு வேலையாகப் பார்க்கலாம்.

வெள்ளை விடுவது

படத்தின் கலை இயக்குநர் கசுவோ ஓகா. 1982 காட்சிகளில் வயலும் மலையும் கடைசி இலை வரை தீட்டப்பட்டிருக்கின்றன. 1966 காட்சிகள் வெளிறிய நீர்வண்ணம், ஓரங்களில் கரைந்து வெறும் வெள்ளையாகிவிடுகின்றன. சிறுவயதில் உட்கார்ந்த வாசற்படி ஞாபகம் இருக்கும், எதிர்வீட்டு ஜன்னலுக்கு எத்தனை கம்பி என்பது இருக்காது. இல்லாததை இட்டுக்கட்டாமல் வெள்ளையாக விட்டார்கள்.

இங்கே வழக்கமாக நடப்பது இதற்கு நேர் எதிர். சிறுவயதுக்கு எல்லா விவரத்தையும் கொட்டிவிட்டு மேலே பழுப்பு நிற ஃபில்டரைப் போடுவார்கள். பழுப்பு என்பது பழைய போட்டோவின் நிறம், நினைவின் நிறம் அல்ல. யாருடைய தலைக்குள்ளும் போட்டோ ஸ்டுடியோ இல்லை. இன்னொரு தவறு, கம்ப்யூட்டரில் ஒரே முட்டை வடிவ வெள்ளை ஓரத்தைச் செய்துவைத்துக்கொண்டு எல்லா ஷாட்டுக்கும் ஒட்டுவது. மூன்றாவது ஷாட்டிலேயே அது கல்யாண ஆல்பமாகிவிடும்.

எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு நினைவு ஷாட்டுக்கும் அந்தச் சிறுமி பார்த்த மூன்று பொருள்களை மட்டும் எழுத வேண்டும். தறிவீட்டுக் காட்சியென்றால் தறிக்குழியில் மிதியை மிதிக்கும் அப்பாவின் கால், ஜன்னல் வெளிச்சத்தில் மிதக்கும் நூல் தூசு, திண்ணையில் காயும், நூல் சுற்றும் தார்க்குச்சிகள். இந்த மூன்றும் முழுதாக வரும். நான்காவதாகச் சுவர் பாதியில் கரையும். ஐந்தாவது கிடையாது. குழந்தையின் கண்ணுயரத்தில் இல்லாத எதையும் சேர்ப்பதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

தாளில் தீட்டுவதானால் 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள வாட்டர்கலர் தாள் எடுங்கள், அதற்குக் குறைந்தால் அலை அலையாக வளையும். ஏ4 தாளில் 24 செ.மீ.க்கு 13.5 செ.மீ. சட்டகம் வரும். வண்ணம் கரைய வேண்டிய ஓரத்தை முதலில் வெறும் தண்ணீரால் நனைத்துவிட வேண்டும். காய்ந்த தாளில் வண்ணத்தை நிறுத்தினால் நிறமி விளிம்புக்கு ஓடி, அங்கே கறுத்த கோடாகக் காயும். பிறகு அதை அழிக்க முடியாது. சேலத்து ஏப்ரல் வெயிலில் நனைத்த ஓரம் சீக்கிரம் உலர்ந்துவிடும், காலை எட்டு மணிக்குள் இந்த வேலையை முடிப்பது நல்லது. ஏற்காட்டில் மூடுபனி நாளில் பிரச்சினை தலைகீழ். முதல் பூச்சு காயவே காயாது. அவசரப்பட்டு இரண்டாவது பூச்சைப் போட்டால் காலிஃபிளவர் மாதிரி திட்டுத்திட்டாக விரியும்.

ஸ்கேன் செய்யும்போது தானாக வெளிச்சம் சரிசெய்யும் வசதியை அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு தாளின் வெள்ளையையும் ஒவ்வொரு விதமாக மாற்றும், ஷாட்டுக்கு ஷாட் திரை மினுக்கும். படம் முழுவதற்கும் ஒரே தாள் வெள்ளை: சிவப்பு 250, பச்சை 248, நீலம் 243 என்று ஒரு முறை முடிவு செய்து எல்லாத் தாளையும் அதற்குக் கொண்டுவர வேண்டும். சுத்த வெள்ளையான 255 வேண்டாம். இருட்டறையில் கண்ணைக் கூசும், தாள் என்ற உணர்வும் போய்விடும்.

பொருள்களின் காலம் பற்றி ஒரு சொல். படத்தில் 1966 என்றால் 1966-தான். பீட்டில்ஸ் ஜப்பானுக்கு வந்த ஆண்டு அது. ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யில் அப்போது ஓடிக்கொண்டிருந்த பொம்மலாட்டத் தொடரும் படத்தில் வருகிறது. 2007-ல் பத்து வயதான சேலத்துப் பெண்ணுக்குத் தூர்தர்ஷன் ஒளியும் ஒலியும் நினைவில் இருக்காது. அது படமெடுப்பவரின் நினைவு. அவளுக்கு இருப்பது அந்த ஆண்டு தொடங்கிய சுட்டி டிவி, அரசு கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி, பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் காயின் போன், மாமாவின் நோக்கியா. தன் சிறுவயதைப் பாத்திரத்தின் சிறுவயதாக எழுதிவிடுவது இந்த வகைப் படங்களில் அடிக்கடி நடக்கிற பிழை.

முதலில் குரல், பிறகு கோடு

ஜப்பானிய அனிமேஷனில் பொதுவாக வரைந்து முடித்த பிறகுதான் குரல் பதிவு. இந்தப் படத்தின் 1982 பகுதிகளில் அதை மாற்றினார்கள். நடிகர்கள் மிகி இமாய், தோஷிரோ யானாகிபா இருவரின் குரலை முதலில் பதிவு செய்து, அவர்கள் பேசும்போது முகத்தசை அசைவதைப் பார்த்து வரைந்தார்கள். சிறுவயதுப் பகுதிகளுக்குப் பழைய முறையே. அதனால் பெரியவர்களின் முகம் பேச்சுக்கு ஏற்ப நெகிழ்கிறது, குழந்தைகளின் முகம் சித்திரமாகவே இருக்கிறது. பின்னணி மட்டும் இல்லை, அசைவே இரண்டு காலத்தைப் பிரிக்கிறது.

தமிழுக்கு இந்த முறை இன்னும் அவசியம். காரணம், நாம் எழுதுவது ஒன்று, வாயசைப்பது வேறு. ஒரு வசனம்: "இன்னும் பழுக்கலைங்க, நாளைக்குப் பறிக்கலாம்." எழுத்தைப் பார்த்து வரைபவர் இரண்டு 'ம்'முக்கும் உதட்டை மூடுவார். பேசிப் பாருங்கள். 'இன்னும்' என்பதன் முடிவில் உதடு மூடுகிறது, ஏனென்றால் அடுத்து 'ப' வருகிறது. 'பறிக்கலாம்' என்பதன் முடிவில் மூடுவதில்லை. 'லா' மூக்கொலியாக இழுபட்டு, வாய் திறந்தபடியே நிற்கிறது. அங்கே உதட்டை மூடினால் பாத்திரம் செய்தி வாசிக்கிற மாதிரி ஆகிவிடும். பார்ப்பவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் டப்பிங் படம் பார்க்கிற உணர்வு வந்துவிடும்.

சேலத்துப் பேச்சில் மரியாதைக்கு வரும் 'ங்க' இன்னொரு விஷயம். வாக்கியம் திறந்த வாயோடு முடிகிறது. பேச்சு நின்ற அதே ஃபிரேமில் வாயை மூடக் கூடாது. நான்கிலிருந்து ஆறு ஃபிரேம் வரை தளர்ந்து மூட வேண்டும். இந்தத் தளர்வில்தான் பேசியவர் எதிராளியின் முகத்தைப் பார்க்கிறார்.

குரல் கொடுப்பவர்கள் இருவரும் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார வேண்டும். தனித்தனியாகப் பதிவு செய்து ஒட்டினால் இடைவெளிகள் செத்துப்போகும். ஆளுக்கொரு மைக், பதிவுத் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். பக்கத்தில் ஒரு செல்போனில் முகத்தை வீடியோ எடுங்கள். போன் நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும், படம் 24 ஃபிரேம். ஃபிரேம் எண்ணை அப்படியே எடுத்து எழுதினால் பத்து நொடியில் இரண்டரை நொடி நழுவும். நேரத்தை எப்போதும் ஒலிக்கோப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும், வீடியோ முகபாவத்துக்கு மட்டும்.

சேலத்தில் அம்மாபேட்டை, குகை ஆகிய பகுதிகளில் பதிவு செய்வதானால் விசைத்தறிச் சத்தம் சுவர் வழியாக வரும். தாழ்ந்த ஒலி என்பதால் போர்வை கட்டி அதைத் தடுக்க முடியாது. துணை மின்நிலையப் பராமரிப்புக்காக மாதத்தில் ஒரு நாள் பகலில் கரண்ட் நிறுத்துவார்களே, அந்த நாள் உகந்தது. தறி ஓடாது, ஃபேன் ஓடாது, பக்கத்து வீட்டு மிக்ஸியும் ஓடாது. ரெக்கார்டருக்கு இரண்டு செட் பேட்டரி போதும். இலவம்பஞ்சு மெத்தை இரண்டைச் சுவரில் சாய்த்துவைத்தால் அறையின் எதிரொலி அடங்கும். வியர்க்கும், அது தவிர குறை இல்லை.

பிறகு ஃபிரேம் அட்டவணை. பேச்சுத் தமிழில் நொடிக்கு ஐந்து முதல் ஏழு அசை விழும், அதாவது ஓர் அசைக்கு மூன்று முதல் ஐந்து ஃபிரேம். ஒவ்வோர் அசைக்கும் ஒரு வாய் வரைந்தால் உதடு படபடக்கும். ஆறு வாய்கள் போதும்: மூடியது, லேசாகத் திறந்தது, ஆகாரம், ஈகார ஏகாரத்துக்கு விரிந்தது, ஊகார ஓகாரத்துக்குக் குவிந்தது, வகரத்துக்கு மேற்பல் கீழுதட்டைத் தொடுவது. க, த, ட, ழ எல்லாம் வாய்க்குள் நடக்கிற வேலை, வெளியே தெரியாது, விட்டுவிடலாம். ப, ம மட்டும் தவறக் கூடாது. குறைந்தது இரண்டு ஃபிரேம் மூடியிருக்க வேண்டும், அதுவும் ஒலிக்கு ஒரு ஃபிரேம் முன்னால்.

கன்னக்கோடு பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்தப் படத்தில் பெரியவர்கள் சிரிக்கும்போது கன்ன எலும்பின் கீழ் கோடு விழுகிறது. 27 வயதுக்காரியைக் கிழவி ஆக்கிவிட்டார்கள் என்று இன்றுவரை குறை சொல்கிறவர்கள் உண்டு. குறையில் கொஞ்சம் நியாயமும் உண்டு: சில ஷாட்டுகளில் கோடு முகத்துக்கு முந்திக்கொள்கிறது. ஆனால் கோடே வேண்டாம் என்பது தப்பான மருந்து. கன்னம் அசையாமல் வாய் மட்டும் சிரித்தால் அது முகமூடி. வெளிக்கோட்டின் கருப்பில் கன்னக்கோட்டை வரையாமல், தோல் நிறத்தைவிட ஒரு படி அடர்ந்த நிறத்தில் போட்டு, சிரிப்பு ஏறும்போது நான்கு ஃபிரேமில் தோன்றி, இறங்கும்போது எட்டு ஃபிரேமில் மறையவிட்டால் சுருக்கமாகத் தெரியாது. சிறுமியின் முகத்தில் இந்தக் கோடு ஒருபோதும் வரக் கூடாது. வந்தால் இரண்டு காலமும் கலந்துவிடும்.

கை செய்யும் வேலை

குசும்பாப் பூவை விடிவதற்கு முன்னரே பறிக்கிறார்கள். பனியில் முள் நனைந்து மெத்தென்றிருக்கும் நேரம் அது, வெயில் ஏறினால் குத்தும். பறித்த இதழைப் பிசைந்து, நீரில் அலசி மஞ்சளை வெளியேற்றி, புளிக்கவைத்து, இடித்து, அடையாகத் தட்டிக் காயவைக்கிறார்கள். அதிலிருந்துதான் சிவப்புச் சாயம், உதட்டுச்சாயமும் அதில்தான். படம் இவை அத்தனையையும் காட்டுகிறது. பறித்த பெண்களுக்கு அந்த உதட்டுச்சாயத்தைப் பூசிப் பார்க்க வாய்த்ததில்லை என்பதையும் சொல்கிறது.

இதை ஏற்காட்டுக்குக் கொண்டுவரும்போது முதலில் விடவேண்டியது அந்த விடியற்காலை. மஞ்சள் வெளிச்சம், பனித்துளி என்று பார்க்க அழகாக இருக்கும், கை துறுதுறுக்கும். ஆனால் காபிச் செடியில் முள் இல்லை. ஈரச் செடிக்குள் நுழைந்தால் உடம்பு தொப்பலாக நனைவதுதான் மிச்சம். யாரும் காரணமில்லாமல் அந்த நேரத்தில் போகமாட்டார்கள். ஒரு வேலையின் நேரத்தை அந்த வேலையே முடிவு செய்கிறது. படத்திலிருந்து எடுக்க வேண்டியது அந்தக் காரணத்தை, விடியலை அல்ல.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் அராபிகா வகைக் காபியின் பறிப்பு பெரும்பாலும் நவம்பரில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை போகும். பழம் ஒரே நேரத்தில் பழுப்பதில்லை. ஒரே கொத்தில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் நெருங்கி நிற்கும். சிவந்ததை மட்டும் விரலால் லேசாகத் திருகி எடுக்க வேண்டும். கொத்தோடு உருவினால் காம்பும் கணுவும் பிய்வதோடு பச்சைக்காயும் சேர்ந்து வரும். பழத்தோலை உரிக்கும் இயந்திரமான பல்பரில் பச்சைக்காயின் தோல் உரியாது, கொட்டை நசுங்கும் அல்லது வெட்டுப்படும். பெங்களூரிலிருந்து வந்தவள் முதல் நாள் செய்யக்கூடிய தவறு இதுதான். பக்கத்து வரிசையில் பறிக்கும் அம்மா அவளைத் திட்ட வேண்டியதில்லை. "பச்சையத் தொடாத கண்ணு, செவந்தது மட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் சாக்கிலிருந்து பச்சையைப் பொறுக்கி எறிந்தால் போதும். "சரிங்கம்மா." அவ்வளவுதான் வசனம்.

உடை: சேலைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் சாக்கு. சட்டை குளிருக்கு மட்டும் இல்லை, செடியில் கூடு கட்டியிருக்கும் முசுறு எறும்புக்கும்தான். வந்தவள் அரைக்கைச் சட்டையில் இருந்தால் வசனமே இல்லாமல் அவள் ஊர் தெரிந்துவிடும்.

விரல் அசைவை 24 ஃபிரேமுக்கு ஒரு சுழற்சியாக வரைந்து திரும்பத் திரும்ப ஓட்டினால் பெண் இயந்திரமாகிவிடுவாள். மூன்று பறிப்பை வேறுவேறு நீளத்தில் வரையுங்கள்: ஒன்று 14 ஃபிரேம், அடுத்தது 18, மூன்றாவதில் விரல் ஒரு பழத்தைத் தொட்டு, பச்சை என்று விட்டு, அடுத்ததற்குப் போகும், 30. இந்த 62 ஃபிரேமை வரிசை மாற்றி மாற்றி வைத்தால் இருபது நொடி தாங்கும். பழகியவரின் கை செடியைப் பார்க்காது, கண் அடுத்த கொத்துக்குப் போயிருக்கும். புதியவளின் கண்ணும் கையும் ஒரே இடத்தில் இருக்கும். இந்த ஒரு வேறுபாடு பத்து வரி வசனத்துக்குச் சமம். நாள் முடிவில் விரல் நுனி பிசினும் தூசியும் சேர்ந்து கறுத்திருக்க வேண்டும். காலை ஷாட்டிலும் மாலை ஷாட்டிலும் ஒரே கையைப் பயன்படுத்திவிடுவது பலர் செய்யும் சோம்பேறித்தனம்.

பறித்த பழத்தைக் குவித்துவைக்கக் கூடாது, குவியலுக்குள் சூடேறிப் புளிக்கும். அன்றைக்கே எடைபோட்டு அன்றைக்கே பல்பரில் தோலுரிக்க வேண்டும். பிறகு தொட்டியில் ஊறல். மலையின் குளிரில் ஒன்றரை நாள்கூட ஆகும். கொட்டையைக் கையில் அள்ளித் தேய்த்தால் வழுக்காமல் சரசரவென்று கூழாங்கல் போல உரச வேண்டும், அதுதான் பதம். கழுவி, களத்தில் பரப்பி, துடுப்பால் கிளறிக் காயவைக்க ஒரு வாரம், பத்து நாள். ஆறு நிமிடப் படத்தில் இதில் மூன்றுதான் கொள்ளும்: விரல், பல்பர், அந்தச் சரசரப்பு. சரசரப்பை உண்மையான கொட்டையை வைத்துப் பதிவு செய்யுங்கள். அரிசியை உரசி எடுத்த ஒலி வேறு மாதிரி இருக்கும்.

படத்தில் எனக்கு மிக உயர்வாகத் தோன்றும் இடம் இந்த வேலைக்குள்தான் வருகிறது. மலை, ஓடை, வயல் எல்லாம் எவ்வளவு இயற்கை என்று தாயேகோ சொல்ல, இயற்கை விவசாயம் செய்யும் தோஷியோ, இவையெல்லாம் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவைத்தவை என்கிறான். ஏற்காட்டில் இந்தப் பேச்சு இன்னும் கூர்மையாகப் பொருந்தும். காபியின் தாயகம் எத்தியோப்பியா. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே கொண்டுவந்தார். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கின் தாயகம் ஆஸ்திரேலியா. சுற்றுலாப் பயணி 'என்ன ஒரு இயற்கை' என்று போட்டோ எடுக்கும் காட்சியில் பாதி யாரோ குழி தோண்டி வைத்தது. அந்தக் குழியைத் தோண்டியவர்களில், காபிக்கு வெகுகாலம் முன்பே இந்த மலையில் இருந்த மலையாளி பழங்குடியினரும் (கேரளத்தவர் அல்ல) உண்டு. அவர்களைப் பின்னணியில் தலைச்சுமையோடு நடந்துபோகும் நிழலாக வரைந்துவிட்டு யதார்த்தம் என்று பேசக் கூடாது.

சில்வர் ஓக் வரைபவர்களுக்கு ஒரு சலுகை: அதன் இலையின் அடிப்பக்கம் வெள்ளி நிறம். காற்று வந்ததைக் காட்டக் கிளையை ஆட்ட வேண்டியதில்லை. இலைத்தொகுதியின் நிறத்தை இரண்டு நொடி பச்சையிலிருந்து வெள்ளிக்கு மாற்றித் திருப்பினால் போதும். தண்டில் மிளகுக்கொடி சுற்றியிருக்கும், அதை மறந்தால் மரம் வேறு ஊர் மரமாகிவிடும்.

பழம்

படத்தில் எல்லோரும் பேசும் காட்சி அன்னாசி. 1966 டோக்கியோவில் முழு அன்னாசி அபூர்வம். அப்பா வாங்கி வந்ததை எப்படி வெட்டுவதென்று வீட்டில் தெரியாது. தெரிந்துகொண்டு, வெட்டி, ஆளுக்கொரு வளையம் கையில் எடுத்துக் கடிக்கிறார்கள். பழுக்கவில்லை. ஒவ்வொருவராகக் கீழே வைத்துவிடுகிறார்கள். வாழைப்பழமே மேல் என்றாகிறது. தாயேகோ மட்டும் மென்றுகொண்டிருக்கிறாள்.

சேலத்தில் அன்னாசிக்கு மதிப்பில்லை, தள்ளுவண்டியில் கிடைக்கும். அதனால் பழத்தை மாற்ற வேண்டும். சிலர் மாம்பழம் என்று எழுதுவார்கள். மாம்பழத்துக்குப் பேர்போன ஊரில் அதை வெட்டத் தெரியாத வீடா? ஏற்காட்டில் விளைந்து, சேலத்துத் தெருவில் அப்போது அதிகம் தெரியாத பழம் பட்டர் ஃப்ரூட், அதாவது அவகாடோ. அதன் இயல்பே கதைக்கு உதவுகிறது: மரத்தில் பழுக்காது, பறித்த பிறகு நான்கு நாள், ஒரு வாரம் காத்திருந்தால்தான் இளகும். அவசரப்பட்டு வெட்டினால் ரப்பர் மாதிரி இருக்கும், கசக்கும். அப்பா பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவருகிறார். அன்றிரவே வெட்டுகிறார்கள். கசப்பு. பாட்டி, "சக்கர போட்டுப் பாருங்கடி" என்கிறாள். அதுவும் உதவவில்லை. மிச்சமிருந்த ஒன்றை யாரும் தொடாமல் அரிசிப்பானைக்குள் வைத்து மறந்துவிடுகிறார்கள். நான்காம் நாள் படியில் அரிசி அளக்கும்போது சிறுமியின் கைக்கு அது மெத்தென்று தட்டுப்படுகிறது.

வரைவதில் கவனிக்க வேண்டியது கசப்பு முகம். ஆளுக்கு ஆள் நேரம் வேறு. அம்மா கடித்ததுமே தெரிந்துவிட்டது, ஆனால் அப்பாவைப் பார்த்துவிட்டு மெல்லுகிறாள். அப்பா விழுங்கிவிட்டு ஒன்றும் சொல்வதில்லை. அண்ணன் உடனே துப்பிவிடுகிறான். எல்லோரையும் ஒரே ஷாட்டில் ஒரே நேரத்தில் முகம் சுளிக்கவைத்தால் நகைச்சுவைத் துணுக்காகிவிடும். ஒருவர் முகத்துக்கு இரண்டரை நொடி, நடுவில் சத்தமே இல்லை, தட்டில் துண்டை வைக்கும் ஒலி மட்டும். அந்த ஒலியில் வருத்தம் போதுமான அளவு இருக்கிறது. பின்னணி இசையைச் சேர்த்தால் அது இரட்டிப்பாகாது, பாதியாகும்.

இசை என்றதும்: தோஷியோ காரில் ஹங்கேரி நாட்டுப்புற இசை போடுகிறான், தானும் குடியானவன், அது குடியானவர்களின் இசை என்பதால். பார்ப்பவர் எதிர்பார்க்காத தேர்வு, ஆனால் அவன் ஆள் யாரென்று சொல்லிவிடுகிறது. நம் ஆட்கள் மலைப்பாதை என்றாலே இளையராஜாவைப் போட்டுவிடுவார்கள். அவர் மீது குறை இல்லை. அது பாத்திரத்தின் தேர்வா, நம் பழக்கமா என்பதுதான் கேள்வி.

இருபது வளைவு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். வெளியிலிருந்து பேருந்து வளைவதை வரைவது இரண்டு பேருக்குக் கட்டுப்படியாகாது. பேருந்தின் எல்லாக் கோணமும் ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறும். பேருந்துக்குள் ஜன்னலோர இருக்கையில் கேமராவை வைத்துவிடுங்கள். ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தாக்கு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறும், மடியில் விழும் வெயில் கட்டமும் அப்படியே கடந்துபோகும். அவள் உருவம் ஒரே ஓவியம், வெயில் கட்டம் தனி அடுக்கு, வெளியே சில்வர் ஓக் தண்டுகள் ஓர் அடுக்கு, புகைமூட்டத்தில் சேலம் ஓர் அடுக்கு. ஒரு வளைவுக்கு ஆறு நொடி. மூன்று வளைவு காட்டினால் இருபதும் ஏறியாகிவிட்டது.

மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் நுழைவாயில் வளைவு வழியில் வரும். சேலம் பற்றிய எந்த வீடியோவும் அதில்தான் தொடங்குகிறது. அவள் ஜன்னல் வழியாக மூன்று நொடி கடந்துபோனால் போதும், ஸ்டுடியோ தொடங்கிய 1935-ம், அதைத் தொடங்கிய டி.ஆர்.சுந்தரமும் வேண்டாம்.

கணக்கு

360 நொடி. நொடிக்கு 24 ஃபிரேமில் இரண்டு ஃபிரேமுக்கு ஓர் ஓவியம் என்று வரைந்தால் 4,320 ஓவியம், இரண்டு பேரால் ஆகாது. ஆகவே பிரித்துக்கொள்ள வேண்டும். நிகழ்காலம் 216 நொடி, நினைவு 144 நொடி. நிகழ்காலத்தில் பேச்சு 60 நொடிக்கு 720, கைவேலை 50 நொடிக்கு 600, பேருந்தும் அசையாத ஷாட்டுகளும் சேர்ந்து 200. நினைவுப் பகுதியை மூன்று மூன்றாக, நொடிக்கு எட்டாக வரைந்தால் 1,152. அதில் மூன்றில் ஒரு பங்கு அசையாமல் நிற்கும், சுமார் 770. மொத்தம் 2,290. ஆளுக்கு நாளொன்றுக்கு 20 என்றால் 58 நாள். பின்னணி 38: நிகழ்காலத்துக்கு 22, ஒன்றுக்கு ஒன்றரை நாள். நினைவுக்கு 16, ஒன்றுக்கு அரை நாள். ஒருவரே தீட்டினால் இன்னொரு 41 நாள். வண்ணமும் ஒலியும் தனி.

மென்பொருளுக்குச் செலவு வேண்டாம். ஸ்டுடியோ ஜிப்லி பயன்படுத்திய டூன்ஸ் என்ற மென்பொருளின் வழிவந்த ஓப்பன்டூன்ஸ் 2016 முதல் இலவசம். தாளில் வரைந்து ஸ்கேன் செய்பவர்களுக்கு ஏற்றது. பின்னணியைக் கம்ப்யூட்டரிலேயே தீட்டுபவர்களுக்குக் கிரிட்டா.

நேரம் போதாது என்று தெரியவரும்போது எல்லோரும் முதலில் வெட்டுவது கைவேலை ஷாட்டுகளை, 'கதை அதில் இல்லையே' என்று. வெட்ட வேண்டியது நினைவுப் பகுதி. ஐந்து சம்பவம் வைத்திருந்தால் இரண்டாக்குங்கள்.

கடைசி

படத்தில் கிராமத்துப் பாட்டி நேரடியாகவே கேட்டுவிடுகிறாள், தோஷியோவைக் கட்டிக்கொண்டு இங்கேயே இருந்துவிடேன் என்று. தாயேகோ வெளியே ஓடிவிடுகிறாள். தோஷியோவின் காரில் உட்கார்ந்து, பள்ளியில் பக்கத்து இருக்கையில் இருந்த, ஏழ்மையால் அழுக்காக இருந்த பையன் தனக்கு மட்டும் கைகுலுக்க மறுத்ததைச் சொல்கிறாள். அவள் அதைத் தன் குற்றமாகவே இத்தனை நாள் வைத்திருந்தாள். தோஷியோ அதை வேறு விதமாகப் படிக்கிறான்: உன்னிடம் மட்டும்தான் அவனால் அப்படி நடந்துகொள்ள முடிந்தது. ரயிலில் திரும்பிப் போகிறவள், பெயர்ப்பட்டியல் ஓடும்போது இறங்கிக் கிராமத்துக்கே திரும்புகிறாள், 1966-ன் வகுப்புப் பிள்ளைகள் சூழ.

கல்யாணத்தில் முடிச்சுப்போட்டுவிட்டார்கள் என்று இந்த முடிவைக் குறைசொல்வதுண்டு. வரன் பார்க்கும் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கும் நம் ஊர் 27 வயதுப் பெண்களுக்கு அந்தக் குறை உடனே புரியும். நம் திட்டத்தில் அந்த இறங்கலை எடுத்துக்கொள்ள வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் கண்டக்டர் விசில் கொடுக்கவும் மாட்டார்.

அவள் பெங்களூருக்கே போகட்டும். தோட்டத்தில் பக்கத்து வரிசையில் பறித்த அம்மா கொடுத்த பட்டர் ஃப்ரூட் ஒன்று, செய்தித்தாளில் சுற்றியது, பையில் இருக்கிறது. வாடகை அறையில் அரிசிப்பானை கிடையாது, ஐந்து கிலோ பிளாஸ்டிக் டப்பாதான். அதற்குள் பழத்தைப் புதைத்து மூடுகிறாள். மூடிய டப்பா மட்டும் ஐந்து நொடி நிற்கும். 120 ஃபிரேமுக்கும் ஒரே ஓவியம். பின்னணி கடைசி ஆணி வரை முழுதாகத் தீட்டியிருக்க வேண்டும், எந்த ஓரத்திலும் வெள்ளை விடக் கூடாது.